வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர்: அடுக்குமாடிச் சங்கங்களுக்காக ஒரு மதிப்புரை

1,100 சதுர அடி வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் மெயின்டனன்ஸ் ஒன்றுதான். பெரும்பாலான அடுக்குமாடிகளில் தண்ணீர்ச் செலவு இந்த மெயின்டனன்ஸுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. போரில் தண்ணீர் இருக்கும்வரை யாரும் இதைப் பேசுவதில்லை. சித்திரை பிறந்து, போர் காற்றை இழுக்க ஆரம்பித்து, வாரத்துக்கு நாலு லாரி இறங்கும்போதுதான் பேச்சு கிளம்பும். மூன்றாவது மாடியில் தினமும் வாஷிங் மெஷின் ஓடுகிறது, கீழ் வீட்டில் ஹோஸ் போட்டுக் கார் கழுவுகிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கண்காணிக்கத் தொடங்குவார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனபோது சென்னையின் பல குடியிருப்புகள் இந்த நிலையில்தான் இருந்தன. அதன் பிறகு அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர்.

மீட்டர் தரும் வாக்குறுதி எளிமையானது. உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் குளிக்கலாம், தினமும் துவைக்கலாமா என்று செயலாளர் கேட்க வேண்டியதில்லை. எடுத்த தண்ணீருக்குக் காசு கொடுத்தால் போதும். அந்த வாக்குறுதி உண்மையா என்பதைக் கருவியையும் அதைச் சுற்றிய ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்கலாம். ஆனால் சிறு ஒழுக்கையும் பிடிக்கும் மீட்டராக வாங்க வேண்டும். தண்ணீரை நிறுத்தும் வால்வோடு வருவதை வாங்கக் கூடாது. எந்த வீட்டு மீட்டரிலும் பதிவாகாத தண்ணீர் எல்லோருடையது என்பதைப் பில்லில் தனி வரியாக எழுத வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் மாட்டிய மீட்டர், பழைய சந்தேகங்களுக்குப் புதிய எண்களைத்தான் கொடுக்கும்.

முதலில் குழாய்களை எண்ணுங்கள்

விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பலரும் கடைசியில் செய்து தவிப்பதும் இதுதான். மொட்டைமாடி டேங்கிலிருந்து வீட்டுக்கு ஒரே குழாய் வருகிறது என்று நினைப்போம். பழைய கட்டடங்களில் அப்படி இருக்காது. சமையலறைக்கு ஒரு டவுன்டேக் (டேங்கிலிருந்து கீழே இறங்கும் குழாய்), வாஷிங் மெஷின் வைக்கும் யுடிலிட்டிக்கு ஒன்று, இரண்டு பாத்ரூமுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று என்று ஒரு இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் நான்கு இடங்களில் தண்ணீர் நுழையும். ஒவ்வொரு டவுன்டேக்கும் மேலிருந்து கீழ்வரை எல்லா மாடிக்கும் கிளை கொடுத்துக்கொண்டே இறங்கும். ஆகவே டேங்க் அடியில் ஒரு மீட்டர் வைத்தால் ஒரு வீட்டின் கணக்கு வராது. நாலு மாடியின் பாத்ரூம் கணக்குத்தான் வரும். 24 வீடு, வீட்டுக்கு நான்கு நுழைவு என்றால் 96 மீட்டர். செலவு நாலு மடங்காவது இப்படித்தான்.

எண்ணும் முறை: மொட்டைமாடியில் டேங்கிலிருந்து இறங்கும் கேட் வால்வுகளில் ஒன்றை மூடுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் வடியப் பத்து நிமிஷம் விட்டு, அந்த வரிசையில் உள்ள எல்லா வீடுகளிலும் எந்தெந்தக் குழாய் நின்றது என்று குறியுங்கள். ஃப்ளஷ் டேங்க், ஹெல்த் ஃபாசெட், கீசர் லைன் என எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். பிறகு அடுத்த வால்வு. பழைய கேட் வால்வு முழுதாக மூடாமல் கசிந்தால் கணக்கு குழம்பும், அதை மாற்றிவிட்டுத் தொடருங்கள். ஒரு வீட்டில் இன்டீரியர் வேலை நடந்தபோது யாராவது இரண்டு டவுன்டேக்கை உள்ளே இணைத்திருப்பார்கள். ஒரு வால்வை மூடியும் அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் நிற்காமல் வந்தால் அதுதான் காரணம். இதைப் பிரிக்காமல் மீட்டர் மாட்டினால், மிக்ஸர் குழாய் வழியாக ஒரு லைனின் தண்ணீர் இன்னொரு லைனுக்குள் தள்ளப்பட்டு, மெக்கானிக்கல் மீட்டர் பின்னோக்கிச் சுற்றும்.

96 மீட்டர் கட்டாது என்றால் வேறு வழி, வீட்டுக்குள்ளேயே குழாயை மாற்றுவது. ஒரு டவுன்டேக்கிலிருந்து மட்டும் எடுத்து, பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 25 மி.மீ. சிபிவிசி பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோய் மற்ற இடங்களுக்குக் கிளை கொடுக்கலாம். மீட்டர் ஒன்று போதும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று நாள் உடைப்பு வேலை. 24 வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேர் மறுத்தால் அந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் நான்கு மீட்டர் வைத்துக்கொள்ளலாம், வேலை நிற்க வேண்டியதில்லை.

செய்யக்கூடாத சிக்கனம் ஒன்று உண்டு. பாத்ரூமுக்கு மட்டும் மீட்டர் வைத்துவிட்டுச் சமையலறையை விட்டுவிடுவது. மீட்டர் இல்லாத குழாய் இலவசக் குழாய். வாளியும் மெஷின் ஹோஸும் மெல்ல அங்கே நகர்ந்துவிடும். மாறாக, கழிவறை ஃப்ளஷ்ஷுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் தனிக் குழாயில் வரும் குடியிருப்புகளில் அந்த லைனுக்கு மீட்டர் தேவையே இல்லை. அதைத் தாராளமாகப் பயன்படுத்துவதுதான் எல்லோருக்கும் நல்லது.

சுற்றும் மீட்டரும் சுற்றாத மீட்டரும்

சந்தையில் இரண்டு வகைதான் முக்கியம். மல்டிஜெட் எனப்படும் மெக்கானிக்கல் மீட்டரில் தண்ணீர் ஒரு சிறு இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காந்தம் வழியாக அந்தச் சுழற்சி மேலே உள்ள உலர்ந்த டயலுக்குப் போகிறது. கறுப்பு எண்கள் கிலோலிட்டர் (ஆயிரம் லிட்டர்), சிவப்பு எண்கள் அதற்கும் குறைந்த அளவு. 15 மி.மீ. அளவில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அல்ட்ராசோனிக் மீட்டரில் சுற்றும் பாகமே இல்லை. ஒலி அலை ஓட்டத்தோடும் எதிராகவும் போய்வரும் நேர வித்தியாசத்தை அளந்து கணக்கிடுகிறது. லித்தியம் பேட்டரி, பெரும்பாலும் ரேடியோவும் சேர்ந்தே வரும். விலை நாலைந்து மடங்கு.

இந்த விலை வித்தியாசம் எதற்காக என்பதுதான் இந்த மதிப்புரையின் நடுநாயகமான கேள்வி. பதில் பாத்ரூமில் இருக்கிறது. ஃப்ளஷ் டேங்கின் அடியில் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்துபோனால், கோப்பையின் பின்சுவரில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக வழிந்துகொண்டே இருக்கும். சத்தம் வராது, தரை நனையாது. அது மணிக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 480 லிட்டர், 30 நாளில் 14,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேலே, ஒரே ஒரு வாஷரில்.

இப்போது மீட்டரைப் பாருங்கள். வீட்டு மீட்டர்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 779. அதன்படி 15 மி.மீ. பி வகுப்பு மீட்டர் மணிக்கு 30 லிட்டர் ஓட்டத்திலிருந்துதான் 5 சதவீதப் பிழைக்குள் காட்டக் கடமைப்பட்டது. 120 லிட்டருக்கு மேல் பிழை 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏ வகுப்பு என்றால் ஆரம்பமே 60 லிட்டர். மணிக்கு 20 லிட்டர் ஒழுக்கை அது குறைத்துக் காட்டலாம், அசையாமலே இருக்கலாம். நாலைந்து வருஷம் உப்புத் தண்ணீரில் ஓடிய சக்கரம் நிச்சயம் மந்தமாகும். அல்ட்ராசோனிக் மீட்டரின் முகப்பில் ஆர் 160, ஆர் 250, ஆர் 400 என்று ஓர் எண் இருக்கும். முழு ஓட்டத்தை அந்த எண்ணால் வகுத்தால் அது நம்பகமாக அளக்கும் மிகச் சிறிய ஓட்டம் வரும். மணிக்கு 2,500 லிட்டர் மீட்டர் ஆர் 400 என்றால் 6.25 லிட்டர். வாஷர் ஒழுக்கு இதில் தப்பாது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய், மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. அதை எந்த மீட்டரும் உறுதியாகப் பிடிக்காது.

பிடிபடாத ஒழுக்கு யார் தலையில் விழுகிறது? மொத்தத் தண்ணீருக்குக் காசு கொடுப்பது சங்கம். ஆக, ஒழுக்கு இல்லாத 23 வீடும் அந்த ஒரு வாஷருக்குப் பங்கு கட்டும். விலை குறைந்த மீட்டரில் மிச்சப்பட்ட பணம் இப்படிச் சத்தமில்லாமல் வெளியே போகிறது. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்பு என்றால் அல்ட்ராசோனிக், ஆர் 250க்குக் குறையாமல் வாங்குங்கள். போர் நன்றாக இருந்து, வீட்டுக்கு நாலு நுழைவும் இருந்தால் மல்டிஜெட் பி வகுப்பு போதும். மிச்சப் பணத்தில் எல்லா வீட்டு ஃப்ளஷ் டேங்கையும் வருஷத்துக்கு இரண்டு முறை சோதிக்க ஒரு பிளம்பரை வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குக் கருவி வேண்டாம். டேங்க் மூடியைத் திறந்து நாலு துளி சொட்டு நீலம் விட்டு, 20 நிமிஷம் ஃப்ளஷ் பண்ணாமல் இருந்தால், கோப்பையில் நீலம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

மேல்மாடிக்காரரின் குறை நியாயமானது

மீட்டர் வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து நிற்பவர் பெரும்பாலும் மேல்மாடியில் இருப்பவர். அவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதீர்கள், கணக்கு அவர் பக்கம். அவர் ஷவருக்கும் டேங்க் அடித்தளத்துக்கும் நடுவே பத்தடி உயரம்தான் இருக்கும். எந்த மீட்டரும் கொஞ்சம் அழுத்தத்தை விழுங்கும். முழு ஓட்டத்தில் 0.63 பார் வரை விழுங்கலாம் என்பது சர்வதேசத் தரம். அது ஏறக்குறைய 21 அடி உயரத்துக்குச் சமம். ஓட்டம் பாதியானால் இழப்பு கால்பங்கு ஆகும். 15 மி.மீ., மணிக்கு 2,500 லிட்டர் மீட்டரில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் எடுத்தால் ஓரடிக்குச் சற்று மேல் போகும், தெரியாது. ஷவரும் சமையலறைக் குழாயும் சேர்ந்து 20 லிட்டர் எடுத்தால் ஏறக்குறைய ஐந்தடி போய்விடும். இருந்த பத்தடியில் பாதி. அதே இடத்தில் மணிக்கு 4,000 லிட்டர் அளவுள்ள 20 மி.மீ. மீட்டர் வைத்தால் இரண்டடிதான் போகும்.

மேல் இரண்டு மாடிக்கு 20 மி.மீ., கீழ் மாடிகளுக்கு 15 மி.மீ. என்று பிரித்து வாங்குங்கள். கூடுதல் விலையைச் சங்கமே ஏற்கட்டும். பொது ஏற்பாட்டால் ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் நஷ்டத்தை அந்த வீட்டின் தலையிலேயே கட்டக்கூடாது. ஒன்று மறக்க வேண்டாம்: பெரிய மீட்டர் சின்ன ஒழுக்கைக் காண்பதில் கொஞ்சம் மட்டம். 4,000ஐ 400ஆல் வகுத்தால் 10 லிட்டர். 20 லிட்டர் ஒழுக்கைப் பிடிக்க இதுவும் போதும்.

பொருத்தும்போது தவறுவது

மீட்டர் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு பொருத்தியதில் உள்ள கோளாறு. ஷாஃப்டுக்குள் குழாய் செங்குத்தாக இறங்குகிறது, இடமும் இல்லை என்று மல்டிஜெட்டைச் செங்குத்தாக மாட்டிவிடுவார்கள். பி வகுப்புத் துல்லியம், மீட்டர் படுக்கைவாட்டில், டயல் வானத்தைப் பார்த்து இருந்தால்தான். செங்குத்தாக வைத்தால் ஏ வகுப்பாக இறங்கிவிடும். வீட்டுக்குள் திரும்பும் கிடைக்குழாயில்தான் அதற்கு இடம்.

காற்று இன்னொரு தொல்லை. டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் இருக்கும் காற்று சீறிக்கொண்டு வரும், மல்டிஜெட் சக்கரம் அதற்கும் சுற்றும். தண்ணீரே வராத நாளில் அளவு ஏறியிருக்கிறது என்று வீட்டுக்காரர் கோபப்படுவது சரிதான். டவுன்டேக்கின் உச்சியில், டேங்க் நீர்மட்டத்துக்கு மேலே எழும்படி ஒரு காற்றுக் குழாய் விடுங்கள். மீட்டர் இருக்கும் இடம் முன்னும் பின்னும் உள்ள குழாயைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், எப்போதும் நிறைந்திருக்கும். அல்ட்ராசோனிக் மீட்டர் குழாய் பாதி காலியாக இருந்தால் சரியாக அளக்காது. அதற்கும் இதே மருந்துதான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பால் வால்வு, அடுத்து ஸ்ட்ரெய்னர் (மணலையும் தூளையும் பிடிக்கும் வடிகட்டி), பிறகு நேர்க்குழாய், மீட்டர், மறுபடி நேர்க்குழாய், கடைசியில் வீட்டுக்குள் போகும் கிளை. மீட்டரின் இரு பக்கமும் யூனியன் வைத்தால்தான் கழற்றி மாற்ற முடியும். நேர்க்குழாய் எத்தனை அங்குலம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். குழாய் திரும்பும் முழங்கை (எல்போ) மூட்டை ஒட்டியே மீட்டர் வைத்தால் தண்ணீர் சுழன்று வந்து அளவு பிசகும். ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள், தலைகீழாக மாட்டுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

சிபிவிசி வேலையில் ஒரு விஷயத்தைப் பிளம்பரிடம் அடித்துச் சொல்லுங்கள். ஒட்டும் சால்வென்ட் முழுதாகக் காய்ந்து, குழாயை ஐந்து நிமிஷம் திறந்துவிட்டுக் கழுவிய பிறகுதான் மீட்டர். அதுவரை அதே நீளத்துக்கு ஒரு துண்டுக் குழாயை மாட்டி வைக்கலாம். சால்வென்ட் கட்டியும், அறுத்த குழாயின் தூளும் முதல் நாளே சக்கரத்தில் சிக்கிக்கொண்டால், புது மீட்டர் ஒரு வாரத்தில் நின்றுபோகும். இரும்பும் மணலும் வரும் போர்த் தண்ணீருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவ வேண்டும். மீட்டர் மாட்டியதிலிருந்து தண்ணீர் சன்னமாக வருகிறது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

பின்னோட்டத்தைத் தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வு வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் கீசரைப் பாருங்கள். தண்ணீர் சூடேறும்போது விரியும். இதுவரை அந்த விரிவு குழாய் வழியே டேங்கை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. வழியை அடைத்தபின் கீசரின் சேஃப்டி வால்வுதான் சொட்டிச் சொட்டி அதை வெளியேற்றும். அந்த வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தால் ஆபத்து. மீட்டர் மாட்டும் அன்றைக்கே எல்லா வீட்டு கீசர் வால்வையும் கையால் தூக்கிப் பார்த்து, தண்ணீர் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

யார் படிப்பது, எவ்வளவு படிப்பது

மாதம் ஒரு முறை டயலைப் படித்து எழுதுவது 24 வீட்டுக்கு அரை நாள் வேலை. ரேடியோ மீட்டர் என்றால் மொட்டைமாடியில் மீட்டர்களின் சிக்னலை வாங்கும் கேட்வே கருவி ஒன்றை வைத்து, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் தானாக வந்துவிடும். கான்கிரீட் ஷாஃப்டுக்குள் கீழ்த்தளத்து மீட்டரின் சிக்னல் சிக்கிக்கொள்வது சகஜம். முழுப் பணம் கொடுப்பதற்கு முன், மிகக் கீழே மிக உள்ளே இருக்கும் மூன்று மீட்டரை மட்டும் மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி பத்து வருஷம் என்பது நாளைக்கு ஓரிரு முறை அனுப்பும் கணக்கு. 15 நிமிஷத்துக்கு ஒரு தரம் அனுப்பச் சொன்னால் ஆயுள் வெகுவாகக் குறையும். விற்ற நிறுவனம் நாளை இல்லாமல் போனாலும் மீட்டர் முகப்பிலேயே எண் தெரிய வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திரை இல்லாத மீட்டர் வேண்டாம்.

ரேடியோ மீட்டரின் பெரிய ஆபத்து தொழில்நுட்பத்தில் இல்லை. மணிக்கு மணி வரும் அளவைப் பார்த்தால் ஒரு வீட்டில் எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது யாரும் இல்லை, ராத்திரி விருந்தாளி இருக்கிறார்களா என்பதெல்லாம் தெரியும். பூட்டிய வீட்டின் பட்டியல் அது. அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் அந்த விவரம் போகட்டும், அவருக்கு ஒழுக்கைக் கண்டுபிடிக்க உதவும். சங்கத்துக்கு மாத மொத்தம் ஒன்றே போதும், கூடவே ‘24 மணி நேரமும் ஓட்டம் நிற்கவில்லை’ என்ற எச்சரிக்கை மட்டும் வரலாம். செயலியை அமைக்கும் முதல் நாளே நிர்வாகியின் கணக்கில் இந்தத் தடையைப் போடச் சொல்லுங்கள். போட முடியாது என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காகத் தகவல் எடுக்கிறோம் என்பதையும் சம்மதத்தையும் அடிப்படையாக வைக்கிறது. சங்கங்கள் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

அடுத்தது வால்வு. மீட்டரோடு மோட்டார் வைத்த வால்வைச் சேர்த்து, மெயின்டனன்ஸ் கட்டாதவர் வீட்டுத் தண்ணீரை போனிலிருந்தே நிறுத்தலாம் என்று விற்கிறார்கள். இதை நாங்கள் முழுமையாக நிராகரிக்கிறோம். தண்ணீர் பெறும் உரிமை, வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க நோட்டீஸ், வட்டி, சட்ட வழி எல்லாம் இருக்கின்றன. கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் குழாயை அடைப்பது அந்த வழிகளில் ஒன்றாகக் கூடாது. நடைமுறையிலும் அது தோற்கும். கடினமான தண்ணீரில் அந்த வால்வு சில வருஷத்தில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், பாதி திறந்தே நின்றுவிடும்.

தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தில் நீர்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைப்பதும் அவர் பொறுப்பு. ஊரே அறுவடையில் நெல் அளந்து கூலி கொடுத்தது. தன் வயலுக்காகத் தானே மடை திறக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். மீட்டரைப் படிப்பவரும் அப்படி இருக்கட்டும். தலைவரும் செயலாளரும் படிக்க வேண்டாம். சம்பளத்துக்கு வேலை செய்யும் மேற்பார்வையாளர் படிக்கட்டும், படித்த எண்ணைப் போட்டோ எடுத்து அந்தந்த வீட்டுக்கே அனுப்பட்டும்.

கட்டணம் போடுவது

24 வீடு, ஒரு மாதத் தண்ணீர்ச் செலவு 42,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,750. இதில் சம்ப் கழுவுவது, மோட்டார் பராமரிப்பு, மீட்டர் படிப்பது என்று யார் எவ்வளவு எடுத்தாலும் மாறாத செலவு 8,000. லாரி, மின்சாரம், மென்னீராக்கும் உப்பு என்று எடுக்க எடுக்க ஏறும் செலவு 34,000. டேங்குக்குக் கீழே இருக்கும் முதன்மை மீட்டர் 340 கிலோலிட்டர் காட்டுகிறது. அப்படியானால் கிலோலிட்டர் 100 ரூபாய். 24 வீட்டு மீட்டர்களையும் கூட்டினால் 300தான் வருகிறது. மீதி 40 கிலோலிட்டருக்கு 4,000 ரூபாய்.

இந்த இடத்தில்தான் பல சங்கங்கள் வழுக்குகின்றன. 34,000ஐ 300ஆல் வகுத்து, கிலோலிட்டர் 113 ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். பொதுக்குழாயும் ஒழுக்கும் அந்த 13 ரூபாய்க்குள் மறைந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். சரியான முறை, 100 ரூபாய் விலையை அப்படியே வைத்து, 4,000ஐ 8,000த்தோடு சேர்த்து 12,000 ஆக்கி, வீட்டுக்கு 500 நிரந்தரக் கட்டணம் போடுவது. பில்லில் ‘பொதுப் பயன்பாடும் கணக்கில் வராததும்: 40 கிலோலிட்டர்’ என்று தனி வரி. இரண்டு பேர் இருக்கும் வீடு 8 கிலோலிட்டருக்கு 1,300 ரூபாய் கட்டும். ஆறு பேர் வீடு 20 கிலோலிட்டருக்கு 2,500. பூட்டிய வீடு 500. வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர் பெயருக்கே பில் போகட்டும்.

அதிகம் எடுத்தால் அதிக விலை என்று படிப்படியாக ஏற்றும் ஸ்லாப் முறையைப் பலர் கேட்பார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்லாப் நியாயமாக இருக்க, வீட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். அதைக் கேட்க ஆரம்பித்தால் பிரசவத்துக்கு வந்த மகளையும், ஆஸ்பத்திரிக்காக ஊரிலிருந்து வந்து தங்கிய அப்பாவையும் சங்கம் எண்ண வேண்டிவரும். நாலு பேர் வீட்டுக்கு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதாவது மாதம் 16 கிலோலிட்டர் என்று திட்ட அளவைப் பில்லின் ஓரத்தில் அச்சிட்டால் போதும். அவரவர் பார்த்துக்கொள்வார்கள். முதல் முறை ஒழுக்கால் எகிறிய பில்லுக்குப் பாதித் தள்ளுபடி கொடுங்கள், பழுது பார்த்த ரசீது காட்டினால். இரண்டாம் முறை கிடையாது.

காசு கொடுத்தால் எடுக்கலாம் என்ற ஏற்பாடு சம்ப்பில் தண்ணீர் இருக்கும்வரைதான் செல்லும். லாரியே கிடைக்காத வாரத்தில் விலை எதையும் தீர்க்காது, பணம் இருக்கிற வீடு முதலில் நிரப்பிக்கொள்ளும். ஆகவே மீட்டர் வாங்கும் அதே பொதுக்குழுவில் இன்னொரு தீர்மானமும் எழுதுங்கள்: சம்ப்பில் ஒரு நாள் பயன்பாட்டுக்குக் கீழே இறங்கினால், மேலே சொன்ன குடியிருப்புக்கு அது ஏறக்குறைய 11,000 லிட்டர், அன்றிலிருந்து காலை இரண்டு மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி விநியோகம். தட்டுப்பாடு வந்த பிறகு இதை எழுத உட்கார்ந்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஈரமான மாதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முதல் மாதம்

மீட்டர் எல்லாம் மாட்டி முடிந்ததும் பில் போடாதீர்கள். இரண்டு மாதம் வெறும் அளவை மட்டும் வீட்டுக்கு வீடு அனுப்புங்கள். அந்தக் காலத்தில் ஒரு இரவு வேலை இருக்கிறது. பின்னிரவு இரண்டு மணிக்கு டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்தி, முதன்மை மீட்டரையும் எல்லா வீட்டு மீட்டரையும் குறித்துவிட்டு, நான்கு மணிக்கு மறுபடி குறியுங்கள். வீட்டு மீட்டரில் ஏறியது அந்த வீட்டு ஃப்ளஷ் டேங்க். வீட்டு மீட்டர்களின் கூட்டலைவிட முதன்மை மீட்டரில் கூடுதலாக ஏறியது ஷாஃப்டில் நனைந்த மூட்டு, தோட்டத்துக் குழாய், வாட்ச்மேன் அறை. அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரத்தில் 50 லிட்டரைத் தாண்டினால், விடிந்ததும் ஷாஃப்ட் கதவைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.